ஏறி ஓட்டும் புல்வெட்டிக்கு ஒயில் மாற்றுதல்: கொழும்பு மைதானங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கொழும்பில் ஏறி ஓட்டும் புல்வெட்டிக்கு ஆண்டில் ஒரு நாள்தான் மரியாதை கிடைக்கும்: ஆயுத பூசை. அன்று காலை மெஷினைக் கழுவித் துடைத்து, பொனட்டில் சந்தனப் பொட்டு வைத்து, முன் சில்லுக்குக் கீழே தேசிக்காயை நசுக்கி, அந்தச் சூட்டோடு ஒயிலையும் மாற்றிவிடுவார்கள். அடுத்த ஆயுத பூசை வரும்வரை, ஒயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை யாரும் வெளியே இழுப்பதில்லை. கேட்டால், “கைநூலிலேயே வருசத்துக்கு ஒருக்கா என்டுதானே போட்டிருக்கு” என்று பதில் வரும்.

போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அந்த வரியின் முன்பாதியை எவரும் வாசிப்பதில்லை. பிரிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டன் கம்பனியின் எஞ்சின்கள் பலவற்றுக்கு வழக்கமான கணக்கு 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை. இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் தவணை. அந்த ‘வருடம்’ பனி விழும் நாடுகளின் வருடம். அங்கே புல்வெட்டி சில மாதம் ஓடும், மீதி மாதங்கள் கொட்டிலில் தூங்கும். நமக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அது ஓய்ந்த கையோடு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. ஜனவரி, பெப்ரவரியில் புல் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 42 அங்குல வெட்டுத்தட்டு உள்ள மெஷின் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய அரை ஹெக்டேயர் வெட்டும். ஒரு ஹெக்டேயர் பாடசாலை மைதானத்துக்கு இரண்டு மணித்தியாலம். வாரம் இரண்டு வெட்டு என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வாரத்தில் 50 மணித்தியாலம் முடிந்துவிடும். ஆயுத பூசைக்கு மட்டும் மாற்றுகிறவர், நான்கு தடவை செய்ய வேண்டியதை ஒரு தடவை செய்கிறார்.

இந்த வேலையை எனக்குப் பழக்கியவர் ஹட்டன் பக்கமிருந்து வந்து, கொழும்புப் பாடசாலையொன்றில் மைதானம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அவருடைய மெஷினில் மணித்தியாலம் காட்டும் மீற்றர் இல்லை. பாடசாலை மணியை வைத்துக் கணக்குப் பார்த்தார். “ஒரு பாடம் நாப்பது நிமிசம் தம்பி. எழுவத்தஞ்சு பாடம் ஓடிருச்சுன்னா எண்ண மாத்திரணும்” என்பார். 75 தரம் 40, மூவாயிரம் நிமிடம். சொல்லி வைத்தாற்போல் 50 மணித்தியாலம். கொட்டில் சுவரில் கரித்துண்டால் கோடு போடுவார், ஐந்தாவது கோடு குறுக்கே. பதினைந்து கட்டு சேர்ந்ததும் ஒயில் கேனைத் தேடுவார். உங்கள் மெஷினிலும் மீற்றர் இல்லாவிட்டால் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

கோலர், கவாசாகி எஞ்சின்கள் பலவற்றுக்கு 100 மணித்தியாலம் என்று இருக்கும். எஞ்சின் எது என்பதைப் பொனட்டின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மெஷின் ஒரு கம்பனி, உள்ளே இருக்கும் எஞ்சின் இன்னொரு கம்பனி என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். எஞ்சின் மூடியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து, அந்த எஞ்சினின் கைநூலைத் தேடுங்கள். புத்தம் புது மெஷின் என்றால் முதல் மாற்றம் 5 முதல் 8 மணித்தியாலத்துக்குள். புது உலோகங்கள் உரசி விடும் துகள் அந்த முதல் ஒயிலில்தான் இருக்கும்.

காரோடு ஒப்பிடாதீர்கள்

“என் கார் 5000 கிலோமீற்றருக்கு ஒருக்காத்தான் ஒயில் கேக்குது, இந்தச் சின்ன மெஷினுக்கு என்ன அவசரம்?” இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் வரும். கார் எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது, முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது, உள்ளே மூன்று நான்கு லீற்றர் ஒயில் இருக்கிறது. காலி வீதி நெரிசலில் அது பாதி நேரம் சும்மா நின்று முனகும். புல்வெட்டி எஞ்சினுக்குத் தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. மேலே சுழலும் விசிறி தள்ளுகிற காற்றுத்தான் குளிர்ச்சி. ஒற்றைச் சிலிண்டர் என்றால் உள்ளே சுமார் 1.4 லீற்றர், இரட்டைச் சிலிண்டர் என்றால் 1.9 லீற்றர் வரை ஒயில். அந்தக் கொஞ்ச ஒயிலை வைத்துக்கொண்டு, கொழும்பு வெயிலில், நிமிடத்துக்கு 3000க்கு மேற்பட்ட சுற்றில் இரண்டு மணித்தியாலம் இடைவிடாமல் ஓடுகிறது. வெட்டிய புல்லின் தூள் சிலிண்டரின் இறகுகளுக்கு நடுவே போய் அடைந்துவிட்டால் காற்றும் போகாது. அப்போது மிச்சச் சூட்டையும் சுமப்பது ஒயில்தான்.

எந்த ஒயில்

பலர் இங்கேதான் குழம்புகிறார்கள், கடைக்காரரும் சேர்ந்து குழப்புவார். பஞ்சிகாவத்தையில் “புல்வெட்டிக்கு ஒயில்” என்று கேட்டால் கைக்கு முதலில் வருவது மோட்டார் சைக்கிள் ஒயில், 20டபிள்யூ-40. இந்த எண்கள் ஒயிலின் தடிப்பைக் குறிப்பவை. அது மோசமான ஒயில் இல்லை; உங்கள் எஞ்சினின் அட்டவணையில் அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

காற்றால் குளிரும் புல்வெட்டி எஞ்சின்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்படுவது எஸ்ஏஈ 30. பிரிக்ஸ் அட்டவணைப்படி அது 4 பாகை செல்சியசுக்கு மேல் எங்கேயும் பொருந்தும். கொழும்பில் விடிகாலையில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். 10டபிள்யூ-30 என்பது குளிர் காலையிலும் இலகுவாக ஸ்டார்ட் ஆவதற்காக வந்தது. அதே அட்டவணை, 27 பாகைக்கு மேல் அந்த ஒயில் கூடுதலாகச் செலவாகும் என்றும் எச்சரிக்கிறது. நமக்குப் பகல் வெப்பம் 30 பாகை. ஆகவே 10டபிள்யூ-30 தவிர வேறு கிடைக்கவில்லை என்றால் ஊற்றலாம், ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் மட்டம் பார்க்க வேண்டும். கைநூல் சிந்தெற்றிக் ஒயிலை அனுமதித்தால் அது நல்ல தெரிவு, சூட்டை அதிகம் தாங்கும். அதற்காக 50 மணித்தியாலத்தை 150 ஆக நீட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேனில் தரத்தைக் காட்டும் ஏபிஐ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் எஸ்ஜே அல்லது அதற்குப் பிந்திய எழுத்து, எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்று ஏதாவது இருக்க வேண்டும்.

இன்னொரு அபாயம் உங்கள் கொட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. ஓரப் புல் வெட்டும் தோள் மெஷின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், அதற்குப் பெற்றோலில் கலக்கும் 2டீ ஒயில் போத்தல் அதே தட்டில் நிற்கும். அது புல்வெட்டியின் சம்புக்குள், அதாவது எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டிக்குள், போகவே கூடாது. போத்தல்களில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். சிங்களம் மட்டும் வாசிக்கிற உதவியாளர் இருந்தால் இரண்டு மொழியிலும்.

முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

புது ஒயில், சொல்லப்பட்ட அளவைவிட அரை லீற்றர் கூட. புது ஒயில் பில்டர். வடிக்க ஒரு அகன்ற பேசின்; இல்லாவிட்டால் 5 லீற்றர் வெறும் கேனைப் படுக்கவைத்து மேல் பக்கத்தை வெட்டி எடுத்தால் அதைவிடத் தட்டையான தட்டு கிடைக்காது. புனல், கையுறை, பழைய சாரத்துண்டு, கீழே விரிக்கக் கார்ட்போர்ட் மட்டை, நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் இரண்டு.

அதோடு அரை அங்குல உள்விட்டம் உள்ள பிளாஸ்டிக் குழாய் இரண்டடி. கொத்து வேலை பாஸ்மார் தண்ணீர் மட்டம் பார்ப்பதற்கு வைத்திருக்கும் அதே தெளிந்த லெவல் டியூப்தான். பழைய சோனகத் தெருவில் எந்த ஹாட்வெயார் கடையிலும் அடிக் கணக்கில் வெட்டித் தருவார்கள். வடிகுழாய் உள்ள எஞ்சினில் இதை மாட்டினால் ஒயில் சட்டத்தின் மேல் வழியாமல் நேரே பேசினுக்குள் இறங்கும். வேலையைப் பாதியாகக் குறைப்பது விலை கூடிய கருவி எதுவுமல்ல, இந்த இரண்டடிக் குழாய்தான்.

பில்டர் வாங்கப் போகும்போது பழையதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். “இதுவும் அதுவும் ஒன்றுதான்” என்று நீட்டப்படும் பில்டரில் புரி ஒன்றாக இல்லாமல் போகலாம். முக்கால் அங்குலப் புரியும் 20 மில்லிமீற்றர் புரியும் கண்ணுக்கு ஒரே மாதிரி; முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறவும் செய்யும். மூன்றாவது சுற்றில் பிடிக்கும். பிடித்த பிறகும் பலம் போட்டால் எஞ்சினின் புரி போய்விடும். ரப்பர் வளையத்தின் விட்டத்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். 2022இல் பெற்றோல் வரிசையும் இறக்குமதித் தடங்கலும் இருந்த நாட்களில் எது பொருந்துகிறதோ அதை மாட்டியவர்கள் பலர். அப்போது வேறு வழியில்லை. இப்போது அந்தச் சாக்கு எடுபடாது.

வேலை தொடங்குகிறது

காலையில் செய்யுங்கள். பின்னேரம் என்று தள்ளிப்போட்டால் நடுவில் மழை பிடிக்கும்; திறந்திருக்கும் ஒயில் துவாரத்துக்குள் மழைத்துளி விழுவதைவிடக் கேவலமான காட்சி இல்லை. இடம் சமதரையாக இருக்க வேண்டும். பெவிலியன் பக்கத்துச் சீமெந்துத் தரை நல்லது. புல்லின் மேல் வேண்டவே வேண்டாம், காரணம் பின்னால் வரும்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். சூடேறிய ஒயில் தண்ணீர் போல இறங்கும், அடியில் படிந்த அழுக்கையும் கலக்கிக்கொண்டு வரும். ஆனால் இரண்டு மணித்தியாலம் வெட்டிவிட்டு வந்த கையோடு தொடங்காதீர்கள். பழைய ஒயிலை வெளியே விடும் வடிநட்டுக்குப் பக்கத்தில்தான் சைலன்சர் இருக்கும், முழங்கையின் தோல் அதில் ஒட்டிக்கொள்ளும். வெட்டி முடிந்து வந்த மெஷின் என்றால் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

பிறகு கத்தியின் கிளட்சை விலக்கி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போடுங்கள். பிளக் வயரைக் கழற்றிப் பிளக்கிலிருந்து தள்ளி வையுங்கள். இரட்டைச் சிலிண்டர் என்றால் இரண்டு வயரையும். பாடசாலைக் கொட்டிலில் விளையாட்டுக்கு ஆசனத்தில் ஏறி உட்காரப் பிள்ளைகள் எப்போதும் காத்திருப்பார்கள். சாவி பையில் இருந்தால் நீங்கள் நிம்மதியாகக் குனியலாம்.

டிப்ஸ்டிக்கைச் சுற்றியிருக்கும் புல்தூளைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் திறக்க வேண்டும். திறந்து சற்று வெளியே இழுத்து வைத்தால் மேலே காற்றுப் போகும், கீழே ஒயில் தங்குதடையில்லாமல் இறங்கும்.

இப்போது வடிநட்டைத் தேடுங்கள். எஞ்சினின் அடிப்பாகத்தில், பக்கவாட்டில் இருக்கும். மூன்று விதமாக வரும். ஒன்று, பிளாஸ்டிக் வால்வு: மூடியைக் கழற்றி, குழாயை மாட்டி, உள்ளே அழுத்தி இடப்பக்கம் திருப்பி வெளியே இழுத்தால் திறக்கும். இரண்டாவது சாதாரண நட். மூன்றாவது, சிறு இரும்புக் குழாயின் நுனியில் மூடி. இந்த மூன்றாவதில்தான் கவனம். மூடியை மட்டும் ஸ்பேனரால் திருப்பினால் சில வேளை மூடி அசையாமல் குழாயே சம்பிலிருந்து கழன்றுவரும். சம்ப் அலுமினியம், அதன் புரி மென்மையானது. ஒரு ஸ்பேனரால் குழாயைப் பிடித்துக்கொண்டு மற்றதால் மூடியைத் திருப்புங்கள். இரண்டு ஸ்பேனர் கேட்டது அதற்குத்தான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று கடலை ஒட்டிய இடங்களில் இந்த நட்டுகள் உப்புக் காற்றில் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து வைத்தால் காலையில் சண்டை இல்லை.

திறக்கும் முன் ஒருமுறை நின்று பாருங்கள்: கை வைத்திருப்பது எஞ்சினிலா, கியர் பெட்டியிலா? பெடலால் ஓடும் மெஷின்களில் பின் சில்லுகளுக்கு நடுவே, ஒயில் அழுத்தத்தால் சில்லைச் சுழற்றும் ஹைட்ரோஸ்ரற்றிக் கியர் பெட்டி இருக்கும், அதற்கு வேறு ஒயில். ஓர் இடத்தில் புதிதாக வந்த பையன் சட்டத்துக்கு அடியில் கண்ணில் பட்ட நட்டைத் திறந்தான். “அண்ணே, ஒயில் புதுசு போல மினுங்குது, சும்மா மாத்துறோம் போல” என்றான். மினுங்கியது கியர் பெட்டியின் ஒயில். அது வடிந்து முடிந்ததும், பழைய ஒயில் அப்படியே நிறைந்திருந்த எஞ்சினுக்குள் இன்னொரு முழு அளவை ஊற்றியிருக்கிறான். ஸ்டார்ட் செய்ததும் காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்த மைதானம் முழுக்க வெள்ளைப் புகை. மெஷினோ அரை அடி நகரவில்லை. எஞ்சின் ஒயில் ஓடிய ஒயிலாக இருந்தால் கறுப்பாகத்தான் வரும். தெளிவாக எது வந்தாலும் உடனே நட்டை மூடுங்கள்.

சொட்டுச் சொட்டாக நிற்கும்வரை பத்து நிமிடம் விடுங்கள். எதிர்ப்பக்கச் சில்லுகளுக்குக் கீழே ஒரு அங்குலப் பலகையை வைத்து மெஷினை வடிநட்டின் பக்கம் சற்றுச் சரித்தால் அடியில் தங்கிய மிச்சமும் வரும். வேலை முடிந்ததும் பலகையை எடுத்துவிடுங்கள். பலகையின் மேல் நிற்கும் மெஷினில் ஒயில் மட்டம் பார்த்தால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும்.

பேசினில் கிடப்பதை வாசியுங்கள்

ஒயில் வடிகிற இந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். வைத்தியர் நாடி பிடிப்பது போல எஞ்சினின் கதை முழுவதும் இந்தப் பேசினில் இருக்கிறது.

கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கரியைத் தன்னுள் பிடித்து வைப்பதுதான் ஒயிலின் வேலை, அது கறுக்கத்தான் வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு சொட்டை வைத்துத் தேயுங்கள். வழுக்கினால் நல்லது. மணல் போல நறநறத்தால் காற்று பில்டர் வழியாகத் தூசி உள்ளே போயிருக்கிறது. அதையும் இன்றே கழற்றிப் பாருங்கள். பஞ்சுப் படலத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி உலர்த்தலாம், காகித பில்டரைக் கழுவக் கூடாது, தட்டி உதறலாம் அல்லது மாற்றலாம்.

பேசினை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சில வேளை மெல்லிய மினுக்கம் தெரியும். புது எஞ்சினில் அது வழக்கம். நாள்பட்ட எஞ்சினில் கண்ணுக்குத் தெரியும் உலோகச் சீவல் வந்தால் ஒயில் மாற்றுவதோடு முடியாது, மெக்கானிக் பாஸிடம் காட்ட வேண்டும்.

பால் தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர். கொழும்பின் ஈரக் காற்றில், பத்து நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்துகிற மெஷின்களில் இது அடிக்கடி வரும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராவிட்டால் உள்ளே படியும் ஈரம் ஆவியாகிப் போவதில்லை. மோட்டார் பம்பால் எஞ்சினின் மேல் நேரே தண்ணீர் அடித்துக் கழுவுவதும் ஒரு காரணம். கைநூல் சொல்லும் ‘வருடத்துக்கு ஒருமுறை’ இங்கேதான் உண்மையில் பொருந்தும். 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற மெஷின்களில் பத்து மணித்தியாலம்கூட ஓடாத ஒயில் கெட்டிருந்தது. ஓடாத மெஷினுக்கு நாட்காட்டி, ஓடும் மெஷினுக்கு மணி.

கடைசியாக மூக்கு. பெற்றோல் மணக்கிறதா? வடிந்த அளவு ஊற்றிய அளவைவிடக் கூடவா? அப்படியென்றால் காபரேற்றரின் ஊசி சரியாக மூடாமல், நிற்கிற நேரத்தில் பெற்றோல் சொட்டுச் சொட்டாக எஞ்சினுக்குள் இறங்குகிறது. ஒயில் தண்ணியாகிவிட்டால் பேரிங் நிற்காது. புது ஒயிலை ஊற்றினாலும் ஒரு வாரத்தில் அதே கதைதான். முதலில் காபரேற்றரைப் பாருங்கள். அதுவரை மெஷினை நிறுத்தும்போதெல்லாம் பெற்றோல் குழாயின் திருகை மூடி வையுங்கள். ‘என் மெஷின் ஒயிலே குடிப்பதில்லை, மட்டம் கூடிக்கொண்டுதான் போகிறது’ என்று பெருமைப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

பில்டர்

சின்ன ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் சிலவற்றில் பில்டரே இருக்காது. இருந்தால், ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதையும் மாற்றுவது என் வழக்கம். சில கைநூல்கள் இரண்டு மாற்றத்துக்கு ஒரு பில்டர் போதும் என்கின்றன. பழைய பில்டருக்குள் நிற்கும் அழுக்கு ஒயில் புது ஒயிலோடு கலப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

பில்டருக்குக் கீழே துணியைத் திணித்துவிட்டு இடப்பக்கம் திருப்பிக் கழற்றுங்கள். கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் பில்டரோடு வந்ததா என்று பாருங்கள். இதை நான் ஒருமுறை பார்க்கவில்லை. பழைய வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதன் மேல் புது வளையத்தோடு புது பில்டரை இறுக்கினேன். ஸ்டார்ட் செய்து மைதானத்துக்குள் இறக்கியபோது எதுவும் தெரியவில்லை. கவர் திசைப் பக்கம் திரும்பியபோது இரண்டு வளையத்துக்கும் நடுவிலிருந்து ஒயில் பீய்ச்சியடித்தது. மார்ச் மாதத்து பிக் மெட்ச்சுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு பாய் அகலத்துக்குப் புல் கருகிப் பழுப்பாகிவிட்டது. மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்து, வேறு இடத்துப் புல்லை ஒட்டினார் பெரியவர். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு என் கையில் பில்டர் இருந்தால் மட்டும், “லப்பர பாத்தியா தம்பி?” என்று கேட்பார்.

எஞ்சினில் பில்டர் உட்காரும் முகத்தைத் துடையுங்கள். புது வளையத்தில் புது ஒயிலை விரலால் தடவுங்கள். கையால் திருகி, வளையம் முகத்தைத் தொட்ட பிறகு அரை முதல் முக்கால் சுற்று. எவ்வளவு என்பது பில்டரின் உடலிலேயே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். கழற்றத்தான் ரெஞ்ச், இறுக்கக் கை.

ஊற்றுதல்

வடிநட்டை மூடியாயிற்றா என்று மறுபடியும் பாருங்கள். சிரிக்காதீர்கள், புது ஒயில் நேரே பேசினுக்குள் இறங்குவதைப் பார்க்காத மெக்கானிக் இல்லை.

சொல்லப்பட்ட அளவில் முக்கால் பங்கை முதலில் ஊற்றுங்கள். 1.4 லீற்றர் என்றால் ஏறக்குறைய ஒரு லீற்றர். இரண்டு நிமிடம் பொறுங்கள். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, போட்டு, எடுத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம். பிரிக்ஸ் எஞ்சின்களில் பொதுவாக டிப்ஸ்டிக்கின் மூடியை முழுதாகத் திருகி இறுக்கிய பிறகுதான் எடுத்துப் பார்க்க வேண்டும். கோலர் எஞ்சின்கள் பலவற்றில் திருகாமல் குழாயின் வாயில் உட்கார வைத்தே பார்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் மட்டம் பிழைக்கும். இரண்டு கம்பனி மெஷினும் ஒரே கொட்டிலில் நிற்கிற இடங்களில் இதனால் ஒன்று எப்போதும் நிரம்பி வழியும், மற்றது எப்போதும் காய்ந்து கிடக்கும். கைநூல் இல்லையா? முழுவதும் வடித்து, பில்டரும் மாற்றி, சரியான அளவை அளந்து ஊற்றி ஓட்டிய பிறகு எந்த முறையில் மேல் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் மெஷினின் முறை.

பிறகு கொஞ்சங் கொஞ்சமாக, தேநீர்க் கோப்பை அளவில் ஊற்றி மேல் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கோட்டைத் தாண்ட வேண்டாம். ‘கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே’ என்ற எண்ணம் சோற்றுக்குச் சரி, இதற்குச் சரிவராது. கூடிய ஒயில் மூச்சுக்குழாய் வழியாகக் காற்று பில்டருக்குள் ஏறும், புகை வரும், பிளக் நனையும். கூடிவிட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி டிப்ஸ்டிக் துவாரம் வழியாக உறிஞ்சி எடுங்கள்.

பிளக் வயரை மாட்டி, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் ஓட விட்டு, பில்டரையும் வடிநட்டையும் கண்ணால் பாருங்கள். கசிவு இல்லையென்றால் நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, மட்டத்தை மறுபடி பாருங்கள். புது பில்டர் தன் பங்கைக் குடித்திருக்கும், மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதை நிரப்புங்கள். ஆசனத்தைத் தூக்கி அதன் அடியில் மார்க்கரால் திகதியையும் மணித்தியாலத்தையும் எழுதுங்கள். சுவரில் கோடு போடுகிறவர்கள் பழைய கோடுகளை அழித்துவிடுங்கள்.

குறுக்கு வழிகள்

இப்போது வருகிற சில மெஷின்களில் வேலையை இன்னும் சுலபமாக்கியிருக்கிறார்கள். ஜோன் டியர் 100 வரிசை மெஷின்கள் சிலவற்றில் பில்டரும் ஒயிலும் சேர்ந்த ஒரு குப்பியே இருக்கிறது. அதைத் திருகிக் கழற்றிப் புதியதை மாட்டி, சுமார் 0.75 லீற்றர் ஒயிலை மேலே ஊற்றினால் முடிந்தது. அரை நிமிட வேலை. வடிநட்டைத் தொடவே தேவையில்லை. ஆனால் உள்ளே நிற்கும் ஒயிலில் பாதிக்கும் குறைவுதான் இப்படி மாறுகிறது. வார இறுதியில் வீட்டு முற்றம் வெட்டுகிறவருக்கு அது போதும். வாரம் இருமுறை மைதானம் வெட்டும் மெஷினுக்கு, ஒரு தடவை குப்பி மாற்றினால் அடுத்த தடவை முழுவதும் வடித்துவிடுங்கள் என்பேன்.

இன்னொன்று உறிஞ்சு பம்ப். டிப்ஸ்டிக் துவாரத்துக்குள் மெல்லிய குழாயை விட்டு மேலாலேயே ஒயிலை எடுத்துவிடலாம். துருவேறி அசையாத வடிநட்டுக்கு இதுதான் மருந்து. குழாய் சம்பின் அடியைத் தொடும்வரை இறக்க வேண்டும், ஒயில் சூடாக இருக்க வேண்டும். அப்போதும் அடியில் ஒரு மண்டி தங்கும்.

பழைய ஒயில்

நீங்கள் பேசினைத் தூக்கும்போதே யாராவது வந்து நிற்பார்: “அத வீசாதீங்க, கறையானுக்கு அடிக்கக் குடுங்க.” மரத்தூணுக்கும் வேலிக்கம்புக்கும் பழைய ஒயில் பூசுவது நம் ஊர்களின் பழைய பழக்கம். கொடுக்காதீர்கள். பழைய எஞ்சின் ஒயில் தொடர்ந்து தோலில் படுவது தோல் புற்றுநோய்க்கு வழி. பூசிய கம்பிலிருந்து மழைக்குக் கழுவுண்டு கிணற்றுப் பக்கமும் போகும்.

வடிகாணில் ஊற்றுவது அதைவிட மோசம். கொழும்பின் வடிகாண்கள் கால்வாய்களிலும் பேரை வாவியிலும் போய் முடிகின்றன. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்று உலக அங்கீகாரம் பெற்ற முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று. தேங்கிய தண்ணீரில் ஒரு கோப்பை ஒயில் எவ்வளவு தூரம் படலமாக விரியும் என்பதைப் பார்க்க ஒரு மழைநாளில் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் நின்றாலே போதும்.

வாகன சேர்விஸ் நிலையங்களில் பழைய ஒயிலுக்குப் பீப்பாய் இருக்கும். வழக்கமாக உங்கள் வாகனத்தைக் கழுவும் இடத்தில் கேட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். தண்ணீரோ பெற்றோலோ கலந்திருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். பில்டரை ஓர் இரவு பேசினின் மேல் கவிழ்த்து வடியவிட்டு, அதையும் சேர்த்துக் கொடுங்கள். கொண்டுபோகும்வரை புது ஒயில் வந்த கேனிலேயே ஊற்றி, இறுக மூடி, பழைய லேபிளின் மேல் ‘பழைய ஒயில்’ என்று குறுக்கே எழுதி, பெற்றோல் கேனுக்கு எதிர் மூலையில் வையுங்கள். இரண்டு கேனும் ஒரே நிறத்தில் இருந்தால் ஒன்றின் கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். கொட்டிலுக்குள் மின்குமிழ் எப்போதும் எரிவதில்லை.